கெட்டுப்போகாத டிஸ்க்

காலிங் பெல் அடித்ததும் அவன் கை முதலில் கதவுக்குப் போகவில்லை. நாற்காலியில் கிடந்த துண்டை இழுத்து, மேசைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க்கை மூடியது.

பிறகுதான் எழுந்து போனான்.

கீழ்வீட்டு ஹெப்சி டீச்சர் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

“உள்ள வரலாமா தம்பி?”

வராதீர்கள் என்று சொல்ல முடியுமா?

மேசையில் எப்போதும்போலக் குப்பை. சால்டரிங் அயர்ன், பிரித்துப்போட்ட ரேடியோ, டப்பா டப்பாவாகத் திருகாணிகள். இந்தத் தெருவில் மிக்ஸி நின்றாலும் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவனிடம்தான் வரும். காசு வாங்கமாட்டான். பாராட்டு வாங்கிக்கொள்வான். அதைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்வான்.

டீச்சர் அந்தத் துண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பையை வைத்தார்.

அவன் துண்டின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

போன மாதம் டீச்சரின் கம்ப்யூட்டர் நின்றுபோனபோதும் இங்கேதான் வந்தது. பவர் சப்ளையில்தான் கோளாறு. பத்து நிமிட வேலை. டிஸ்க்கில் ஒரு பழுதும் கிடையாது. அதைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் டீச்சரின் எட்டு வருடம் அதில்தான் இருந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம், முழுக்கச் சைகையில். அவரே படம்பிடித்து, அவரே வெட்டி ஒட்டியவை. ஒன்றை இவனும் போட்டுப் பார்த்தான். மழை எப்படி உண்டாகிறது என்று ஒரு சிறுமி பத்து விரல்களால் சொல்கிறாள். கடைசியில் தன் மழைக்கு அவளே நனைந்து சிரிக்கிறாள். இரண்டு தடவை பார்த்தான்.

இதற்கெல்லாம் வேறு பிரதியே இல்லை என்று தெரிந்ததும் இவனுக்குள் இருந்த கெட்டிக்காரன் விழித்துக்கொண்டான். சும்மா திருப்பிக் கொடுப்பதாவது? கேட்காமலே ஒரு நகலும் எடுத்துக் கொடுத்து அசத்திவிடலாம்.

ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்குகள். ஒன்றின்மேல் ‘டீச்சர்’ என்று எழுதிக் காகிதம் ஒட்டினான். மற்றதன்மேல் ‘காலி’. அவ்வளவு ஜாக்கிரதை.

கம்ப்யூட்டருக்கு அந்தக் காகிதம் தெரியாது. திரையில் வந்தவை ஒன்று, இரண்டு என்று வெறும் எண்கள். முதலில் சொருகியதுதான் ஒன்று என்று இவனாக முடிவு செய்துகொண்டான். நிச்சயமா என்று அது கேட்டது. நிச்சயம் என்று அழுத்திவிட்டு எழுந்து போனான்.

குளித்துச் சாப்பிட்டு வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. காலி டிஸ்க்கை அப்படியே டீச்சரின் டிஸ்க்மேல் நகலெடுத்திருந்தான்.

இப்போது இரண்டுமே காலி.

ஒரு வாரம் என்னென்னவோ போட்டுத் துழாவினான். மழையின் ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் கைப்பிசகு என்று விட்டுவிடலாம். அவன் நிற்கவில்லை. தன் குப்பையிலிருந்து, நிஜமாகவே செத்துப்போன ஒரு டிஸ்க்கைத் தேடி எடுத்தான். அதற்கு மின்சாரம் கொடுத்து டீச்சரின் காதருகே பிடித்தான்.

“டக்கு டக்குன்னு அடிக்குது, கேக்குதா டீச்சர்? பழசுல்லா. உள்ள போயிட்டு.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேறு யாருடைய டிஸ்க்கோ அது. வெகுநேரம் கேட்டார்.

“சரி, விடு. நீ என்ன பாடுபட்டியோ பாவம்” என்றார். மறுநாள் மீன்குழம்பு கொடுத்தனுப்பினார்.

அதையும் தின்றான்.

இப்போது அவர் பையிலிருந்து ஒரு பழைய ஹாண்டிகேமை வெளியே எடுத்தார். கூடவே சின்னச் சின்னதாக ஐந்தாறு டேப்புகள்.

“ஆரம்பத்துல எடுத்ததுல இவ்வளவுதான் மிச்சம். பீரோவுக்கு அடியில கெடந்துச்சு. ஒரு டேப்பு உள்ள சிக்கிக்கிட்டு வரமாட்டேங்கு. கடையில குடுத்தா அழிச்சிப்போடுவானுவ. உன் கையில குடுத்தா எனக்கு பயமில்ல.”

கேமராவை அவன் பக்கம் நகர்த்தினார்.

அவனுக்குக் கை நீளவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது மடல் சுட்டது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

“ஒரு நிமிஷம் உக்காருங்க டீச்சர்.”

துண்டை எடுத்தான்.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகினான். அது சத்தமில்லாமல் சுழன்றது. ஒரு டக்குகூட இல்லை. பச்சை விளக்கு எரிந்தது.

டீச்சர் குனிந்து, அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார்.

“இது என்னோடதா?”

“ஆமா டீச்சர்.” அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “இது கெட்டே போகல. அன்னைக்கு உங்க காதுல வச்சது வேற. நான்தான்…”

மீதி அவர் காதில் விழவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப்போட்டார். பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்தார். முந்தானையால் துடைத்தார்.

“அப்போ எல்லாம் உள்ள இருக்குல்லா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“அந்த மழை பாடத்த மொதல்ல போடு தம்பி.”