பச்சைத் தெரு

ஆட்டோக் கூரையில் அரசு பொருத்திய கருவி, போகும் தெருவின் காற்றை மோந்து, கெட்டது என்று சொல்லிவிட்டால் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாகிவிடும். மறுநாளே எல்லோரையும் காலி செய்துவிடுவார்கள். அதனால் தயாளன் தினமும் ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடப்பான்.

இன்று மூச்சுத் திணறும் மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, நர்ஸ் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க தெரு பச்சைன்னுல்ல காட்டுது? சிவப்புத் தெரு பசங்களுக்குத்தான் ஆக்சிஜன்."

மகளை மனைவியின் மடியில் கிடத்திவிட்டுத் தன் தெருவை நோக்கி ஆட்டோவை விரட்டினான்.

தெருமுனையில் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம், இடுப்பில் குழந்தையோடு, கையை நீட்டி வண்டியை மறித்தாள். "இன்னாண்ணே, உள்ள திருப்புற? சிவப்பாயிட்டா நாங்கல்லாம் எங்க போறது?"

தயாளன் வாய் திறப்பதற்குள் அவள் குழந்தை இருமத் தொடங்கியது. இருமல் நிற்கவேயில்லை.

நீட்டியிருந்த அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.