சீட்டின் அளவு

பக்கவாதத்தில் இருளப்பனுக்கு வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு, அவருடைய பிக்கப் வண்டியைப் பவுனுத்தாய்தான் ஓட்டினாள். வீட்டில் தனியாக விட முடியாமல் கணவரைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, வாழைத்தார்களோடு சந்தைக்குப் போவாள். அவர் நெட்டை, அவள் குள்ளம். ஆனாலும் சீட்டை முன்னால் இழுக்க அவர் விடவில்லை.

"அது என் அளவுக்கு வச்சது. கால் சரியானதும் நான்தான ஓட்டணும்."

அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்து, சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டே ஓட்டினாள்.

அன்று சந்தை முக்கில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. தலையணை நழுவி, பிரேக்கில் கால் சரியாகப் பதியவில்லை. சைக்கிளை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் வண்டி நின்றது. விழுந்த பெண் எழுந்து, முழங்கையில் ரத்தத்தைத் துடைத்தபடி திட்டிக்கொண்டே போனாள். பவுனுத்தாய் வண்டியை ஓரங்கட்டினாள். சீட்டுக்கடியில் கைவிட்டுக் கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பின்னால் வரும் சாலை அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

இருளப்பன் அவள் இழுத்த சீட்டையே பார்த்தார். பிறகு, "என்னைய இறக்கிப் பின்னால ஏத்திவிடு" என்றார்.

"பின்னால தாரு கெடக்கு. எங்க உக்காருவீங்க?"

"நானும் சரக்குதான."

அப்படிச் சொல்லாதீங்க என்று அவள் சொல்வதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பவுனுத்தாய் கியரைப் போட்டாள்.