ஜன்னல் வரிசை

"இந்த ஜன்னல் வரிசை முழுக்கக் காலியாகணும்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற வார்டு உதவியாளர் குணசீலனிடம் மட்டும்.

இராணுவ மருத்துவமனையில் இடம் போதவில்லை. பணியில் இருக்கும் வீரர்களுக்கே முதலில் கட்டில். ஜன்னல் வரிசையில் இருக்கும் ஓய்வு பெற்ற முதியவர்களை அடுத்த மாதம் முதல் ஊருக்குள் இருக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிடலாம்.

திட்டம் அவளுடையது. அவள் தலைமைச் செவிலியர், மேஜர்.

அதில் பிழை எதுவும் இல்லை. காலையில் முழங்காலிட்டு ஜெபித்தபோதும் அப்படித்தான் தோன்றியது.

பின்னால் ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

ஹவில்தார் சவரிமுத்து எழுந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர். மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றித் தலையணைமேல் வைத்திருந்தார்.

போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, சுருக்கம் நீவி.

உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"என்னய்யா பண்றீங்க?" குணசீலன் ஓடினான்.

"காலி பண்ணச் சொல்றாங்கல்ல. காதுல விழல? நீயெல்லாம் பட்டாளத்துக்கு லாயக்கில்லடா."

போன தடவை ஊருக்குள் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பியபோது இடமில்லை என்று அவரை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். விடியும்வரை நாற்காலியில். ஏனென்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

அவர் அடுத்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். அதில் இருந்தவரால் தானாக எழ முடியாது. அந்த முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

"எந்திரி மாப்ள. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் குரலை உயர்த்தினாள்.

"ஹவில்தார் சவரிமுத்து. போய்ப் படுங்க."

உடனே போய்ப் படுத்தார்.

அவள் குழாயை மாட்டினாள். மடித்த போர்வையைப் பிரித்து அவர்மேல் போர்த்தினாள். மூச்சு ஒழுங்குக்கு வரும்வரை நெஞ்சின்மேல் கை வைத்திருந்தாள்.

கண்ணைத் திறந்தார்.

"அப்போ நாளைக்குங்களா மேடம்?"

அவள் நிமிர்ந்தாள். வரிசை முழுவதும் நரைத்த தலைகள் தலையணையிலிருந்து உயர்ந்திருந்தன. முகத்தில் கோபமில்லை. காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைசிக் கட்டிலில் ஒருவர் காலைத் தொங்கவிட்டுச் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அவள் அங்கே போய் மண்டியிட்டாள்.

செருப்பு இரண்டையும் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சுவர் ஓரம்வரை, அவர் கால் எட்டாத தூரத்துக்கு.