செருப்புப் பெட்டியில் குடிவந்த குருவி

ஹவுஸ் ஓனர் திரவியம் சொன்ன கெடு முடிந்துவிட்டது. சல்மா ஒரு தட்டுமுட்டுச் சாமானைக்கூட மூட்டை கட்டவில்லை. பால்கனியில் தொங்கிய பழைய செருப்புப் பெட்டிதான் அவளுக்குத் தைரியம். வீணாய்ப் போன பொருளில் குருவிக்கு வீடு செய்யச் சொல்லிப் பள்ளியில் கொடுத்த வேலைக்காக மகள் நஸ்ரின் செய்தது. கோணல்மாணலான அந்தப் பெட்டிக்குள் போன வாரம் ஒரு குருவி முட்டையிட்டிருந்தது. குருவி முட்டையிட்ட வீட்டை, குஞ்சு பறக்கும்வரை யாரும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம்.

திரவியம் மூச்சிரைக்க வந்தார். "என்னம்மா, இன்னும் வண்டி வரலையா?"

பெட்டியின் ஓட்டையில் தலை நீட்டிய குருவியைச் சல்மா காட்டினாள்.

"யார்கிட்ட கதை விடுறீங்க? பொம்மைக் குருவிதானே அது?"

குருவி வெளியே வந்து அவர் சட்டையில் எச்சமிட்டது.

சண்டைக்குத் தயாராகத் துப்பட்டாவை இழுத்துச் செருகினாள் சல்மா. திரவியமோ சட்டையைக்கூடத் துடைக்காமல், பால்கனியில் விளையாடிக்கொண்டிருந்த நஸ்ரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, ஓட்டை எவ்ளோ பெருசா போடணும்?"

"ரெண்டு விரல் நுழையணும் அங்கிள். எதுக்கு?"

"நானும் வாடகை வீட்லதாம்மா இருக்கேன். அந்த ஓனர் ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணுன்னுட்டான். இல்லைன்னா நான் ஏன் இங்க வந்து கத்தப்போறேன்?"

சல்மா விடுவிடுவென்று உள்ளே போனாள். கணவன் பெருநாளுக்கு வாங்கி வைத்திருந்த புதுச் செருப்பைக் கட்டிலில் கொட்டிவிட்டு, பெட்டியையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.