கையெழுத்து இல்லாத பக்கம்

“ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வேணும் அண்ணாச்சி. கடைசியில மட்டும் போட்டா செல்லாது.”

ஜோஸ்பின் சொன்னதும் மாரிக்கண்ணன் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். செம்பூரில் ஜோஸ்பின் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரவிக் கிடந்தது.

மாரிக்கண்ணனுக்குத் தாராவியில் லாண்டரி. பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். வருடக்கணக்காகத் துணி போட்டுக்கொண்டிருந்த பெரிய ஹோட்டல் ஒன்று சொந்தமாக மிஷின் வாங்கிவிட்டது. ராணுவ மருத்துவமனை ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒப்பந்தம் கிடைத்தால்தான் பதினான்கு பேரையும் நிறுத்திக்கொள்ள முடியும். டெண்டர் இணையத்தில் போடவேண்டியது. நாளை மதியம் மூன்று மணியோடு கெடு முடிகிறது. கையெழுத்துப் போட்ட காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிற கம்ப்யூட்டர் வேலையை மகள் மாரிசெல்வி பார்த்துக்கொள்வாள். ஆனால் காகிதங்களைச் சரிபார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டுமே. அவருடைய பக்கத்து வீட்டுச் சகாயராணிதான் ஜோஸ்பினைக் கைகாட்டியிருந்தாள். ராணுவ அலுவலகம் ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் ஜோஸ்பின்.

கதவைத் திறந்தபோதே அவளுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. தலை முழுக்க நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைக்கிற அந்தப் பதவிசு மாறவில்லை. அன்று அலுவலக வாசலிலும் அப்படித்தான் கழற்றிவிட்டு வந்தார். அவருக்குத் தன்னை நினைவில்லை என்று பட்டதும் ஜோஸ்பினுக்கு நிம்மதியாக இருந்தது.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே மாரிக்கண்ணன் பழைய காலத்தைக் கிளறினார். அப்போதெல்லாம் டெண்டரை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் இரண்டு அதிகாரிகளிடம். சரியாக மூன்று மணிக்குத் திறப்பார்கள்.

“அந்தப் பச்சைப் பெட்டி இன்னும் இருக்கா மேடம்?”

பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்று ஜோஸ்பின் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே ஏக்கமாகத்தான் இருந்தது. காலை எட்டு பதினாலு லோக்கலில் பெண்கள் பெட்டியில் தொங்கிக்கொண்டு போனது, மழைக்காலத்தில் அறை முழுக்க ஈரக் குடையும் அரக்குமாக வீசுகிற வாசம், மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்கக் காகிதங்களின் மேல் டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தது எல்லாம் வரிசையாக வந்தன. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில்தான் அன்றைக்கு அப்படி நடந்துகொண்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், ஜூன் மாதம். இதே போன்ற சலவை வேலைக்கு ஒன்பது டெண்டர்கள் வந்திருந்தன. மாரிக்கண்ணனுடைய விலைதான் எல்லோரையும்விடக் குறைவு. ஆனால் நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அப்போது டீ குடிக்க எழுந்து போயிருந்தார். சைகை காட்டிக் கூப்பிட்டு ஒரு கிறுக்கல் போட வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஜோஸ்பின் கூப்பிடவில்லை. சிவப்பு மையில் “தகுதியில்லை” என்று எழுதினாள்.

முடிவு ஒட்டிய பலகையை மாரிக்கண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் சலவைப் பட்டறையை மூடிவிட்டுத் தாணேயில் யாரிடமோ துணி தேய்க்கப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள். விதிப்படிதான் செய்தோம் என்று தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தும், வருகிற ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பெஞ்சு கண்முன் வந்து நின்றது.

இப்போது அதே மனிதர் எதிரே உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதற்குமேல் அவளால் வாய்மூடி இருக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, தொண்ணூத்தொம்பதுல உங்க டெண்டரத் தள்ளுனது நான்தான்.”

மாரிக்கண்ணன் நிமிரவில்லை. “தெரியும் மேடம். தெரிஞ்சுதான் வந்தேன்.”

அதிகாரி வெளியே போயிருந்ததையும், பெஞ்சையும், தான் கூப்பிடாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் ஜோஸ்பின் சொல்லி முடித்தாள்.

“ஒரு கையெழுத்துப் போட மறக்கது யாருக்கும் வரக்கூடியதுதான? அதுக்குப் போயி உங்க பொழப்பையே கெடுத்துட்டேன்.”

மாரிக்கண்ணன் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவித் தனியே வைத்தார். சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, முழுப்பெயரையும் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்காக ஊதிவிட்டுத்தான் பேசினார்.

“மறக்கல மேடம். ‘எங்கிட்ட வேலை பாக்க அத்தன பேருக்கும் ஈ.எஸ்.ஐ. இருக்கு’ன்னு இந்தப் பக்கத்துல எழுதியிருக்கும். இப்ப பதினாலு பேருக்கும் கார்டு இருக்கு, போட்டுட்டேன். அப்ப ஒருத்தனுக்கும் கிடையாது. வெறுமனே விட்டா யாரும் பாக்காம போயிருமோன்னு ஒரு நப்பாசை, அம்புட்டுதான். நீங்க உள்ள கூப்பிட்டுப் பேனாவக் கையில குடுத்திருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன்.”