பதினைந்து மில்லிமீட்டர்

"நீங்க ஆசைப்பட்டதையே மாட்டிடலாம் மாப்பிள்ளை. என் பரிசுன்னு வச்சுக்குங்க" என்றார் அலாய் வீல் கடைக்காரர்.

மாப்பிள்ளையால் நம்ப முடியவில்லை. மாமனாருக்கு அந்தத் தெருவில் 'மில்லிமீட்டர்' என்றுதான் பெயர். போன வாரம்கூட ஐந்து மில்லிமீட்டர் பொருந்தவில்லை என்று, கையில் பணத்தோடு நின்ற ஆளைத் திருப்பி அனுப்பியவர்.

"ஆஃப்செட் அது இதுன்னு ஏதாவது குத்தம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன் மாமா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நாளைக்கு எத்தனை மணிக்குக் கெளம்புறீங்க?"

"காலையில ஏழு மணிக்கு. நானூறு கிலோமீட்டர், ஒரே மிதி."

"அவளும் வர்றாளா?"

"அவ எதுக்கு? வீட்டுல கெடக்கட்டும்."

கார் சாவியை மேஜையில் போட்டுவிட்டு மாப்பிள்ளை கடைத்தெருவைச் சுற்றப் போனார். அவர் தலை மறைந்ததும் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, வண்டி சாயங்காலத்துக்குள்ள ரெடியாயிடுமா?"

காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். கேட்கச் சொல்லி அவன்தான் விரட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆயிடும்மா. நீ எங்கயும் போகாம வீட்டுலயே இரு."

பதினெட்டு வயதில் இவரே கார் ஓட்டக் கற்றுக் கொடுத்த பெண். கல்யாணமான நான்கு வருடத்தில் அவளுடைய லைசென்ஸ் அவன் பீரோவுக்குள் போய்விட்டது. கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டு வரை கைவைத்த சட்டை போடுகிறாள், கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள். ஒரு கதவு ஒருத்தியை எத்தனை தடவைதான் இடிக்கும்?

பெரியவர்களை வைத்து இரண்டு முறை பேசியாயிற்று. அவன் தேன் ஒழுகப் பேசினான். போனவர்கள் காபி குடித்துவிட்டு, தங்கமான பையன் என்று சொல்லித் திரும்பினார்கள்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றியபோது, முப்பது வருடமாகக் கூடவே இருக்கும் ஃபிட்டர் புதுச் சக்கரத்தின் உள்பக்கத்தில் பொறித்திருந்த ஆஃப்செட் எண்ணைப் பார்த்தார்.

"அண்ணே, இது அம்பத்தஞ்சு. இந்த வண்டிக்கு நாப்பதுதானே? பதினஞ்சு மில்லி உள்ள போகுதே."

"தெரியும்."

"வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதானே பாடம் எடுப்பீங்க? ஆஃப்செட் எண்ணு கொறைஞ்சா வீல் வெளிய துருத்தும், பாக்குறவன் சொல்லிடுவான். கூடுனா டயர் உள்ளுக்குள்ள இரும்புல உரசும், அறுபடுறது வெளிய தெரியவே தெரியாதுன்னு. ஹைவேல வெடிச்சிரும்ணே."

"தெரியும்னு சொன்னேன்ல. நீ போய் டீ குடிச்சிட்டு வா."

ஃபிட்டர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

மில்லிமீட்டர் அளந்துதான் மாட்டினார். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீடு போய்ச் சேரும் வரை டயர் தாங்கும், மறுநாளைய வேகத்துக்குத் தாங்காது. நட்டுகளை ஒவ்வொன்றாக அவரே முடுக்கினார்.

சாயங்காலம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மாப்பிள்ளை, "கலக்கிட்டீங்க மாமா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார். விடிகிற நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, கதவைத் தொறந்து வை. நான் வந்துட்டிருக்கேன்."

"எங்கம்மா? எதுல?"

"அவரோட கார்லதான். அவர் தூங்குறப்பவே சாவியை எடுத்துட்டேன். இன்னைக்குத்தான்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன், வண்டி உன் கடையிலயே நின்னுடுமோன்னுதான் நேத்து பயந்துட்டே இருந்தேன். ஹைவேல ஏறிட்டேம்பா."

அவர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"நிறுத்தும்மா. வண்டியை ஓரமா நிறுத்து, இப்பவே."

"நிறுத்துனா யார் வண்டியையாவது எடுத்துட்டு பின்னாடியே வந்து புடிச்சிடுவார்ப்பா. நூத்திருபதுல வர்றேன்."

"அம்மாடி, சொல்றதைக் கேளு. அந்த வீலு… அந்த வீலு…"

அவர் முடிப்பதற்குள், நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"நீ மாட்டின வீலுதானேப்பா, எனக்கென்ன பயம்."