மிருதுளா சொன்ன பெயர்

விவாகரத்தான வீடுகளில் கல்வி வரிச்சலுகை யாருக்கு என்பதை இப்போதெல்லாம் பிள்ளையிடமே கேட்டுவிடுகிறார்கள். மார்ச் மாதம் வைதேகியின் வீட்டில் ஸ்பீக்கர் போனில் வரித்துறையின் குரல் ஒலித்தது.

"இந்த வருஷம் உன்னைப் படிக்கவைத்தது யாரும்மா?"

வைதேகி தன் பெயருக்காகக் காத்து நின்றாள்.

"கோதை சித்தி" என்றாள் மகள் மிருதுளா.

அப்பாவின் இரண்டாவது மனைவி! வைதேகியின் முகம் சுருங்கிப்போனது. "ஏண்டி அப்படிச் சொன்னே?"

"கணக்குல ஃபெயிலானப்ப அப்பா திட்டினார். உனக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. சித்திதான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாங்க. இப்ப எனக்குக் கணக்குன்னா பயமே இல்லம்மா."

அதைக் கேட்டதும் வைதேகியின் கோபம் கரைந்தது. முதன்முறையாகக் கோதைக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

கோதை பதறினாள். "அக்கா, எனக்குத் தெரியவே தெரியாது. உங்க பேருக்கே மாத்தச் சொல்றேன்."

"வேண்டாம், அது உனக்குத்தான். என் பிள்ளை பயந்துகிட்டிருந்தப்ப நீ கூட இருந்திருக்கே. அவளைக் கூட்டிட்டுப் போக வரும்போதெல்லாம் வாசலோட நின்னுடுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே வரட்டுமா?"

"வாங்கக்கா" என்றாள் கோதை. "சாப்பிடாம விடமாட்டேன்."